பழைய கணினிப் பாகம் வாங்கும்போது போலியை எப்படி அடையாளம் காண்பது?

பினாங்கு ஜெலுத்தோங்கிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: மகன் பொலிடெக்னிக்கில் படிக்கிறான். முப்பரிமாண வரைபடப் பாடத்துக்குக் கணினி வேண்டும். கையில் இருப்பது 1,800 வெள்ளி (ரிங்கிட்). இணையச் சந்தையில் பழைய பாகங்களாகத் தேடி ஒரு பட்டியல் போட்டிருக்கிறான்: ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கிராபிக்ஸ் கார்டு 250 வெள்ளி, 2 டெராபைட் எஸ்எஸ்டி சேமிப்பகம் 90 வெள்ளி, ஓர் ஐ7 பிராசசர், "சீல் பிரிக்காத" 4 டெராபைட் ஹார்ட் டிஸ்க். போலிகள் நிறைய வருகின்றன என்று கேள்விப்படுகிறேன், எதைப் பார்த்து வாங்குவது?

சகோதரி, முதலில் அந்த 90 வெள்ளி எஸ்எஸ்டியைப் பட்டியலிலிருந்து இன்றே நீக்கிவிடச் சொல்லுங்கள். அதைச் சோதிக்கக்கூட நேரம் செலவழிக்க வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன். மற்ற மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

நான் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் சில்லு சோதனைப் பிரிவில் 19 ஆண்டுகள் வேலை பார்த்தவன். இப்போது பட்டர்வொர்த்தில் கணினி பழுதுபார்க்கிறேன். இன்டெல், ஏஎம்டி இரண்டும் பினாங்குக்கு வந்தது 1972இல். இங்கிருந்து உலகமெங்கும் போன எத்தனையோ பிராசசர்களின் உலோக மூடியில் "மலே" என்ற சொல் பொறித்திருக்கும். பழைய பிராசசர் ஒன்று வீட்டில் கிடந்தால் எடுத்துப் பாருங்கள். அந்த எழுத்துகளைப் பொறிக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் நான் நின்றிருக்கிறேன். நம் வீட்டு அம்மாக்களும் அக்காக்களும் மூன்று ஷிஃப்ட் மாறி மாறி வேலை பார்த்த இடம் அது. ஒரு சில்லு எத்தனை சோதனை தாண்டிய பிறகு அந்தப் பெயரைப் பெறுகிறது என்பது எனக்குத் தெரியும். அதே பெயரைச் சுரண்டி எடுத்துவிட்டு வேறொரு பெயரைப் பொறித்து, காசு சேர்த்துக்கொண்டு வரும் பிள்ளைகளிடம் விற்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

பெட்டியில் உள்ள பெயர், ஸ்டிக்கரில் உள்ள பெயர், கணினித் திரையில் தெரியும் பெயர் என்று எல்லாப் பெயரையும் மாற்றிவிடலாம். திரையில் தெரிவதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பலர் ஏமாறுவது அங்கேதான்.

சென்ற ஆண்டு புக்கிட் மெர்தாஜத்திலிருந்து ஒரு தம்பி 1050 டிஐ கார்டு ஒன்றைக் கொண்டுவந்தான். 280 வெள்ளி கொடுத்து வாங்கியிருக்கிறான். விண்டோஸில் பெயர் சரியாகவே வந்தது, நினைவகம் 4 ஜிபி என்றும் காட்டியது. ஆனால் வரைபடம் கொஞ்சம் பெரிதானால் திரை கறுத்துவிடுகிறது என்றான். கார்டைக் கையில் வாங்கியதுமே அதன் பின்பக்கத்தில் நீல நிற விஜிஏ துவாரம் கண்ணில் பட்டது. பதினைந்து துளையும் இருபக்கமும் திருகும் கொண்டது, பழைய புரொஜெக்டர்களில் மாட்டுவோமே, அது. 1050 டிஐ வெளிவந்தது 2016 அக்டோபரில். அந்தத் தலைமுறைச் சில்லுகளிலிருந்து, விஜிஏ துவாரத்துக்கு வேண்டிய அனலாக் வெளியீட்டையே தயாரிப்பாளர் என்விடியா எடுத்துவிட்டது.

"கழற்றிப் பார்க்கட்டுமா தம்பி?" என்று கேட்டேன். சரி என்றான். நான்கு திருகுகளை எடுத்ததும் விசிறியோடு, சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் கையில் வந்தது. காய்ந்துபோன பசையைத் துணியில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். சில்லின் முதுகில் ஜிஎஃப்116 என்ற எழுத்துகள் தெரிந்தன. அதே இடத்தில் 1123 என்ற எண். அது 2011ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். 1050 டிஐ பிறப்பதற்கு ஐந்து ஆண்டுகள் முன்னால் செய்த சில்லு. அதன் சொந்தப் பெயர் ஜிடிஎக்ஸ் 550 டிஐ. 1050 டிஐயில் 768 கணிப்புக் கருக்கள் இருக்கும், இதில் 192தான். அந்தத் தம்பி வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. விற்றவனும் அவன் வயதுப் பையன்தான், அவனும் உண்மை என்று நம்பித்தான் வாங்கினானாம். இதைக் கவனியுங்கள். விற்பவரின் முகத்தையும் பேச்சையும் வைத்துப் பொருளை எடைபோட முடியாது. நல்ல மனிதர்கள் கையிலும் போலி இருக்கிறது.

இதை எப்படிச் செய்கிறார்கள் என்றால், ஒவ்வொரு கிராபிக்ஸ் கார்டிலும் ஒரு சின்ன நினைவகச் சில்லில் பயாஸ் என்ற நிரல் இருக்கிறது. "நீ யார்?" என்று விண்டோஸ் கேட்கும்போது பதில் சொல்வது அது. அதை அழித்துப் புதிய பதிலை எழுதிவிட்டால், 1 ஜிபி உள்ள பழைய கார்டு தன்னை 4 ஜிபி கார்டு என்று சொல்லும். அந்த 1 ஜிபி நிரம்பும்வரை எல்லாம் ஒழுங்காக ஓடும். நிரம்பியதும் திரை கறுக்கும். விற்பவர் முன்னால் ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்தால் இது தெரியவே தெரியாது.

ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை உங்கள் மகன் தன்னுடைய தம்ப் டிரைவில் போட்டுக்கொண்டு போக வேண்டும். விற்பவர் கணினியில் ஏற்கெனவே இருக்கும் பிரதியைத் திறக்க வேண்டாம். 2018இல் வந்த 2.12 பதிப்பிலிருந்து, இப்படிப் பெயர் மாற்றிய பழைய என்விடியா சில்லுகளை அது பிடித்து, பெயருக்கு முன்னால் "ஃபேக்" என்று போட்டுவிடுகிறது. எல்லாப் போலியையும் அது பிடிக்காது. அதனால் அதில் தெரியும் கருக்களின் எண்ணிக்கை 768தானா என்று கட்டாயம் ஒப்பிட வேண்டும். கார்டை இயக்க விண்டோஸில் நிறுவும் டிரைவர் என்ற நிரல் இன்னொரு நல்ல சாட்சி. 550 டிஐ தலைமுறைக்கு என்விடியா தந்த கடைசி டிரைவர் 391.35, அது 2018இல் வந்தது. 1050 டிஐக்கு 2025 வரை வழக்கமான டிரைவர்கள் வந்தன. ஆகவே 2024 டிரைவர் ஒன்றை என்விடியா தளத்திலிருந்து இறக்கி நிறுவிப் பார்க்கட்டும். "அது வேண்டாம், நான் தருகிற டிரைவரைத்தான் போட வேண்டும்" என்று விற்பவர் சொன்னால் எழுந்து வந்துவிடலாம். எல்லாம் சரியாக இருந்தால், கார்டை முழுத் திறனில் ஓட்டிச் சோதிக்கும் ஃபர்மார்க் மென்பொருளை ஓடவிட்டுக் கால் மணி நேரம் உட்காரட்டும்.

1050 டிஐயைப் போலி செய்கிறவர்கள் தேடிப் பிடித்ததற்குக் காரணம் உண்டு. அது 75 வாட்டில் ஓடும். மதர்போர்டு தரும் மின்சாரமே போதும். அலுவலகங்கள் கழித்துப்போடும் டெஸ்க்டாப்பில் அப்படியே மாட்டிவிடலாம். அதனால் குறைந்த பணத்தில் கணினி சேர்க்கிற பிள்ளைகள் எல்லாரும் அதைத்தான் தேடுகிறார்கள். 550 டிஐயோ 116 வாட் கேட்கும். 1050 டிஐ என்று நம்பி அதைச் சிறிய பவர் சப்ளை உள்ள பெட்டியில் மாட்டினால் அந்தப் பவர் சப்ளைதான் திணறும்.

ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 580 கார்டு பக்கம் மகன் திரும்பினால் ஒன்று சொல்லிவையுங்கள். முழு 580இல் 2,304 கருக்கள். 2018இல் சீனச் சந்தைக்கென்று ஏஎம்டியே 2,048 கருக்களோடு அதே பெயரில் ஒன்றை விட்டது. திறனில் அது ஒரு படி கீழே உள்ள ஆர்எக்ஸ் 570தான். போலி என்று சொல்ல முடியாது, ஆனால் 580 விலைக்கு வாங்கினால் நட்டம். மறைநாணயம் உண்டாக்கும் மைனிங்கில் ஓடிய கார்டுகளும் நிறைய வரும். 2022 செப்டம்பரில் எத்திரியம் என்ற மறைநாணயம் கார்டு தேவையில்லாத முறைக்கு மாறியதும் அவை பெருமளவில் சந்தைக்கு வந்தன. அவற்றை நான் கண்ணை மூடிக்கொண்டு ஒதுக்குவதில்லை. விசிறி உரசாமல் சுற்றுகிறதா, சூடு கட்டுக்குள் இருக்கிறதா, பயாஸ் மாற்றப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, விலையைக் குறைத்து வாங்கலாம்.

பிராசசருக்கு வருவோம். "ஐ7" என்று மட்டும் எழுதியிருந்தால் அதற்குப் பொருளே இல்லை. 2011இன் ஐ7-2600இல் 4 கருக்கள், 2022இன் ஐ7-12700இல் 12. முழு எண்ணையும், மூடியில் உள்ள எழுத்துகள் தெளிவாகத் தெரியும் படத்தையும் கேட்டு வாங்குங்கள். படத்தில் "கான்ஃபிடென்ஷியல்" என்ற சொல் இருந்தாலோ, நான்கெழுத்துக் குறியீடு "க்யூ"வில் தொடங்கினாலோ அது சோதனை மாதிரி. கடைக்கு வரும் இன்டெல் சில்லுகளின் குறியீடு "எஸ்"ஸில் தொடங்கும். சோதனை மாதிரிகள் இன்டெலின் உடைமை, விற்பனைக்கு உரியவை அல்ல. வாரண்டி கிடையாது. இன்று ஓடும் மாதிரி, நாளை மதர்போர்டின் பயாஸைப் புதுப்பித்தால் ஓடாமல் போகலாம்.

மூடியைத் தேய்த்துவிட்டு மறுபடி பொறிப்பது பழைய தொழில். 1990களில் மெதுவான பென்டியத்தின் மீது வேகமான எண்ணைப் பொறித்து விற்றார்கள். இன்டெல் தன் சில்லுகளின் வேகத்தை நிர்ணயிக்கும் பெருக்கி எண்ணை மாற்ற முடியாதபடி பூட்டியதற்கு அதுவும் ஒரு காரணம். இப்போது கையில் எடுத்தால் மூடியின் ஓரங்களைக் கைத்தொலைபேசி விளக்கில் சாய்த்துப் பாருங்கள். தேய்த்த மூடியில் ஒரே திசையில் மெல்லிய கீறல்கள் ஓடும், விளிம்பின் கூர்மை போயிருக்கும். ஏஎம்டியின் ஏஎம்4 வகை ரைசன் என்றால் திருப்பிப் போட்டுப் பின்னைப் பாருங்கள். ஏஎம்4 பிராசசரில் 1,331 பின்கள். உட்கார்ந்து எண்ண வேண்டாம், அசலின் படத்தை வைத்துக்கொண்டு மூலைகளிலும் நடுவிலும் உள்ள இடைவெளிகளை ஒப்பிட்டால் போதும். பழைய ஏஎம்3 சில்லின் மீது ரைசன் பெயர் இருந்தால் அதிலேயே பிடிபட்டுவிடும். கணினியில் மாட்டிய பிறகு சிபியு-இசட் என்ற மென்பொருளைத் திறந்து கருக்களையும் கேஷ் என்ற உள்நினைவகத்தின் அளவையும் அசலின் விவரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். விண்டோஸின் "எபவுட்" பக்கத்தை நம்ப வேண்டாம். அங்கே தெரியும் பிராசசர் பெயரை ரெஜிஸ்ட்ரி என்ற விண்டோஸ் பதிவகத்தில் ஒரு வரி திருத்தி யாரும் மாற்றிவிடலாம்.

அடுத்து, சீல் பிரிக்காத ஹார்ட் டிஸ்க். என்னை மிகவும் கவலைப்பட வைப்பது இதுதான். 2025 மே மாதத்தில் கோலாலம்பூருக்கு வெளியே ஒரு கிடங்கில் சீகேட் நிறுவனமும் நம் அதிகாரிகளும் சேர்ந்து சோதனை நடத்தினார்கள். அங்கே ஏறத்தாழ 700 சீகேட் டிஸ்குகளும் வேறு நிறுவனங்களின் டிஸ்குகளும் இருந்தன. பழைய டிஸ்கைத் துடைத்து, ஓடிய மணிக்கணக்கைப் பூஜ்யமாக்கி, புதிய லேபிள் ஒட்டி, மறுபடி பொட்டலம் கட்டி இணையச் சந்தைகளில் விற்றுக்கொண்டிருந்தார்கள். அதே ஆண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியிலும் இப்படிப் புதிது என்று விற்ற சீகேட் டிஸ்குகள் பிடிபட்டன. சில 15,000 மணி நேரம், சில 50,000 மணி நேரம் வரை ஓடியவை. சியா என்ற மறைநாணயத்துக்காக இரவுபகலாகச் சுழன்றவையாக இருக்கலாம் என்று அப்போது சந்தேகிக்கப்பட்டது. ஓராண்டுக்கு 8,760 மணி நேரம். கணக்குப் போட்டால் சில டிஸ்குகள் ஐந்து ஆண்டுக்கு மேல் நிற்காமல் ஓடியிருக்கின்றன. அதில் போய் ஒரு மாணவன் தன் இறுதியாண்டுத் திட்டத்தைச் சேமித்து வைக்கப்போகிறான்.

மணிக்கணக்கைக் காட்டும் வழக்கமான பதிவு ஸ்மார்ட். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளைத் திறந்தால் தெரிவது அதுதான். அதை அழிக்க வழி தெரிந்துவிட்டது. சீகேட் டிஸ்குகளில் ஃபார்ம் என்று இன்னொரு பதிவு உள்ளே இருக்கிறது. ஜெர்மனியில் ஏமாற்றுக்காரர்கள் தொடாமல் விட்டது அதைத்தான், பிடிபட்டதும் அதனால்தான். ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற இலவச மென்பொருளின் 7.4 அல்லது அதற்குப் பிந்திய பதிப்பு அதைப் படிக்கும். இரண்டு மணிக்கணக்கும் ஒத்துப்போக வேண்டும். ஸ்மார்ட் 3 மணி நேரம் என்றும் ஃபார்ம் 30,000 மணி நேரம் என்றும் சொன்னால், சொல்ல வேறொன்றும் இல்லை. டிஸ்கைக் கையில் வாங்கியதும் கேபிள் மாட்டும் சாட்டா முனையின் தங்க நிறப் பட்டைகளையும் பாருங்கள். புதிய டிஸ்கில் சோதனைக்கு மாட்டிய லேசான தடம் இருக்கலாம். ஆண்டுக்கணக்கில் ரேக்கில் கிடந்ததில் திருகுத் துளைகளின் ஓரம் பளபளவென்று தேய்ந்திருக்கும்.

இப்போது 90 வெள்ளி எஸ்எஸ்டி. இந்த வகையைத் திறந்தால், பெரும்பாலும் சிறிய மெமரி கார்டு ஒன்றைப் பசையில் ஒட்டி வைத்திருப்பார்கள். அதை இயக்கும் கண்ட்ரோலர் சில்லின் நிரலை மாற்றியிருப்பதால் 2 டெராபைட் என்று காட்டும். அந்தக் கார்டு 64 ஜிபி என்றால், அது நிரம்பியதும் அதற்கு மேல் எழுதுவது எங்கும் போய்ச் சேராது. கோப்பின் பெயர் பட்டியலில் இருக்கும், திறந்தால் உள்ளே ஒன்றும் இருக்காது. திருமணப் படங்களை இப்படி முழுமையாக இழந்த ஒரு குடும்பம் என் கடையில் உட்கார்ந்து அழுதது. எழுதப்படாத தரவை யாராலும் மீட்க முடியாது. என்னாலும் முடியவில்லை. ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர்கள் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சோதனை மென்பொருளை ஓட்டிப் பார்க்கலாம். முழு இடத்தையும் நிரப்பித் திரும்பப் படிக்கும், மணிக்கணக்கில் ஆகும். யுஎஸ்பியில் மாட்டும் டிரைவ் என்றால் வேலிடிரைவ் என்ற மென்பொருள் பல நூறு இடங்களைத் தொட்டுப் பார்த்துச் சீக்கிரம் சொல்லிவிடும்.

என் முடிவு இதுதான்: சேமிப்பகத்தைப் பழையதாக வாங்கவே வேண்டாம். அதிகாரபூர்வ விற்பனையாளரிடம் 500 ஜிபி புதிது ஒன்று எடுத்தால் அவனுக்குப் போதும். பவர் சப்ளையும் புதிதுதான். அதில் மட்டமானது கெட்டால் தான் மட்டும் கெடாது, மற்ற பாகங்களையும் கெடுத்துவிடும். சுவரில் செருகும் மின்கம்பியில் சிரிம் என்ற மலேசியத் தரச்சான்று முத்திரை இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். ரேமைப் பழையதாக வாங்கலாம். சிபியு-இசட்டில் அளவும் தயாரிப்பாளரும் ஸ்டிக்கரோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்த்து, மெம்டெஸ்ட்86 என்ற ரேம் சோதனை மென்பொருளை ஒரு சுற்று ஓட்டினால் போதும். ஒரே எச்சரிக்கை: "ஏஎம்டிக்கு மட்டும்" என்று விற்கிற டிடிஆர்3 ரேம் இன்டெல் போர்டில் வேலை செய்யாது.

நீங்கள் யோசித்துப் பார்க்க இன்னொரு வழியும் உண்டு. பாகம் பாகமாகச் சேர்க்காமல், அலுவலகங்கள் ஒப்பந்தம் முடிந்து கழித்துப்போடுகிற டெல், எச்பி, லெனோவோ டெஸ்க்டாப்பை முழுதாக வாங்கலாம். டெல் பெட்டியின் மேல் சர்வீஸ் டேக் என்று ஓர் எண் ஒட்டியிருக்கும். அதை டெல் தளத்தில் போட்டால், எந்த நாளில் அனுப்பப்பட்டது, முதலில் என்ன பிராசசர், எவ்வளவு ரேம் இருந்தது என்று காட்டிவிடும். யாராவது உள்ளே மாற்றியிருந்தால் உடனே தெரியும். அதில் உண்மையான 75 வாட் கார்டு ஒன்றைச் சேர்த்தால் பாடத்துக்கு வேண்டியது ஆயிற்று. அவன் இடத்தில் நான் இருந்தால் இதைத்தான் செய்வேன்.

எங்கே சந்திப்பது என்பதும் முக்கியம். கார் நிறுத்துமிடத்தில் பெட்டியை வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுக்காதீர்கள். பிராங்கின் மாலிலோ கொம்தாரிலோ, கணினி கடை உள்ள இடத்தில் வரச் சொல்லுங்கள். ஒரு கடைக்காரரிடம் 20, 30 வெள்ளி கொடுத்து அரை மணி நேரம் மேசையையும் ஒரு போர்டையும் கேட்டால் பலர் சம்மதிப்பார்கள். என்னிடம் வந்தாலும் செய்து தருவேன். சோதனைக்குச் சம்மதிக்காத விற்பனையாளரிடம் கோபப்பட வேண்டாம், வாங்காமல் வந்துவிடலாம். அஞ்சலில் அனுப்புகிறேன் என்றால், பணத்தைத் தளமே பிடித்து வைத்துக்கொள்ளும் முறையில் மட்டும் வாங்குங்கள். தளத்துக்கு வெளியே வங்கிக் கணக்கில் போடச் சொன்னால், மோசடிக் கணக்குகளைச் சரிபார்க்க உதவும் போலீஸின் செமாக் மியூல் தளத்தில் அந்தக் கணக்கு எண்ணைப் போட்டுப் பாருங்கள். பொட்டலம் பிரிப்பதை ஒரே வெட்டில்லாத காணொளியாக எடுங்கள், ஸ்டிக்கர் எண் தெளிவாகத் தெரியட்டும். பணம் மோசடிக் கணக்குக்குப் போய்விட்டது என்று தெரிந்த அந்த நிமிடமே மோசடிப் புகார் எண்ணான 997ஐ அழையுங்கள். மறுநாள் பார்க்கலாம் என்று விட்டால் பணம் கைமாறிவிடும்.

விற்றவர் வியாபாரி என்றால், கடையோ இணையக் கடையோ, 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை 5 வெள்ளி கட்டணத்தில், மூன்று ஆண்டுக்குள் போடலாம். டிடிபிஎம் என்று கேட்டால் எல்லாருக்கும் தெரியும். வழக்கறிஞர் தேவையில்லை. தன் சொந்தக் கார்டை விற்கிற தனிமனிதருக்கு இந்த வழி பொருந்தாது. அதனால்தான் தனிமனிதரிடம் வாங்கும்போது பணம் கொடுப்பதற்கு முன்பே எல்லாச் சோதனையும் முடிய வேண்டும் என்கிறேன்.

உங்கள் மகன் இன்றிரவு அந்த 250 வெள்ளி கார்டுக்காரரிடம் இரண்டு படங்கள் கேட்கட்டும்: கேபிள் மாட்டும் பக்கம் முழுதாகத் தெரிகிற படம் ஒன்று, பின்புறத்து ஸ்டிக்கர் படிக்கத் தெரிகிற படம் ஒன்று. இணையத்தில் எடுத்த படமாக இல்லாமல், அன்றைய தேதி எழுதிய தாளைப் பக்கத்தில் வைத்து எடுத்ததாக இருக்க வேண்டும். படம் வந்ததும் எனக்கு அனுப்புங்கள். நீலத் துவாரம் இருந்தால் அவன் பஸ் ஏறிப் போக வேண்டிய வேலையே இல்லை.